லினக்ஸ் கைவிட்ட ‘ரூட் கேச்’: வேகத்துக்காக வந்த வசதி வினையானது எப்படி?

செல்போனில் ஒரு வீடியோவைத் தொட்டதும் ஓடத் தொடங்கிவிடுகிறது. அதற்குள் நூற்றுக்கணக்கான பாக்கெட்டுகள் எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து கிளம்பி, பல ரூட்டர்களைத் தாண்டி உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கும். வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதை அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும்?

இதற்கான பதிலை ஒருமுறை தேடிக் கண்டுபிடித்துவிட்டு, அடுத்த முறை தேடாமல் ஞாபகத்திலிருந்தே சொல்லிவிட்டால் வேகம் கூடும்தானே? லினக்ஸ் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தது. அந்த ஏற்பாட்டின் பெயர் ‘ரூட் கேச்’. ஆனால் 2012 செப்டம்பர் இறுதியில் வெளியான லினக்ஸ் 3.6 பதிப்பில், ஐபிவி4-க்கான ரூட் கேச் மொத்தமாக நீக்கப்பட்டது. வேகம் தரும் ஒன்றை ஏன் தூக்கி எறிய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

கெர்னலுக்கு இதில் என்ன வேலை?

கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. நெட்வொர்க் கார்டு, மெமரி, ப்ராசஸர் எல்லாவற்றையும் நிர்வகிப்பது அதுதான். ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். இணையத்தின் பெரும்பாலான சர்வர்களிலும், வீடுகளில் இருக்கும் வைஃபை ரூட்டர்கள் பலவற்றிலும் அதுவே ஓடுகிறது.

ஒரு பாக்கெட் வந்ததும் அல்லது கிளம்பியதும், அதில் எழுதியிருக்கும் முகவரியைப் பார்த்து எந்த வழியில் அனுப்புவது என்று கெர்னல் முடிவு செய்யும். இதற்கு அது புரட்டிப் பார்க்கும் பட்டியல்தான் ரூட்டிங் டேபிள்.

பட்டியலைப் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

ரூட்டிங் டேபிளில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வரி இருக்காது. முகவரிக் கூட்டங்களுக்குத்தான் வரிகள் இருக்கும். உதாரணமாக, 10 என்று தொடங்கும் எல்லா முகவரிகளையும் ‘அ’ வழியில் அனுப்பு என்று ஒரு வரி இருக்கலாம். 10.1 என்று தொடங்குபவற்றை மட்டும் ‘ஆ’ வழியில் அனுப்பு என்று இன்னொரு வரி இருக்கலாம். எதிலும் சேராதவற்றை ‘இ’ வழியில் தள்ளிவிடு என்று கடைசியாக ஒரு வரி.

இப்போது 10.1.5.9 என்ற முகவரிக்கு ஒரு பாக்கெட் வருகிறது. மூன்று வரிகளுமே பொருந்துகின்றன. எதை எடுப்பது? எந்த வரி முகவரியோடு அதிக நீளத்துக்குப் பொருந்துகிறதோ அதை. இங்கே ‘ஆ’. தபால் பிரிப்பவர் மாநிலத்தைப் பார்த்ததோடு நிறுத்தாமல் ஊர், தெரு வரைக்கும் பார்ப்பது போலத்தான். ஆனால் நேராக ஒரு வரியைத் தொட்டு பதில் எடுக்க முடியாது. பல நீளங்களில் பொருத்திப் பார்க்க வேண்டும்.

இணையத்தின் முழு ரூட்டிங் டேபிளைத் தாங்கும் ஒரு கருவியில், 2012 வாக்கிலேயே 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன. அதேநேரம் கிடைக்கும் அவகாசமோ மிகக் குறைவு. 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால், நொடிக்குச் சுமார் 1.48 கோடி பாக்கெட்டுகள் வரும். அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 67 நானோ விநாடி. ப்ராசஸர் தன் பக்கத்தில் இல்லாத தகவலை மெமரியிலிருந்து ஒருமுறை எடுத்து வரவே பல பத்து நானோ விநாடிகள் ஆகும். இரண்டு முறை போய் வந்தால் அவகாசம் தீர்ந்தது.

ரூட் கேச் எப்படி வேலை செய்தது?

இங்கேதான் ரூட் கேச் உள்ளே வருகிறது. தபால் பிரிப்பவர் பெரிய புத்தகத்தைப் புரட்டி விடை கண்டுபிடித்ததும், அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டிவைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே மாதிரி கடிதம் வந்தால் சீட்டைப் பார்த்தால் போதும், புத்தகம் வேண்டாம்.

லினக்ஸ் எழுதிவைத்த சீட்டில் பெறுநர் முகவரி மட்டும் இருக்காது. அனுப்புநர் முகவரி, பாக்கெட் எந்த நெட்வொர்க் கார்டு வழியாக வந்தது, எந்த வகைச் சேவை என்பவற்றையும் சேர்த்து ஒரு சாவியாக்கி, ஹாஷ் டேபிள் ஒன்றில் போட்டுவைக்கும். ஹாஷ் டேபிள் என்பது எண் போட்ட பெட்டிகளின் வரிசை. சாவியை ஒரு கணக்கில் போட்டால் பெட்டி எண் கிடைக்கும். பெட்டியைத் திறந்தால் சீட்டு. சிம்பிள்.

ஒரே இருவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது இது பிரமாதமாக வேலை செய்யும். முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் முழுத் தேடல். அடுத்து வரும் ஆயிரம் பாக்கெட்டுகளுக்கும் விடை தயார். அந்தக் காலத்துத் தேடல் முறைகளோடு ஒப்பிட்டால் இது நல்ல லாபம்தான்.

அப்புறம் என்ன பிரச்னை?

கவனித்தீர்களா? மேஜையில் எத்தனை சீட்டு சேரும் என்பதை முடிவு செய்வது தபால் பிரிப்பவர் இல்லை, கடிதம் போடுபவர்!

ஐபி பாக்கெட்டில் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதுவது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. ஒருவர் ஒவ்வொரு பாக்கெட்டிலும் வேறு வேறு பொய் முகவரியைப் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் கெர்னலுக்குப் புதுச் சாவி. ஒவ்வொன்றுக்கும் புதுச் சீட்டு. ஒரு சீட்டுக்குச் சுமார் 300 பைட் என்று வைத்தால், 10 லட்சம் பொய் முகவரிகளுக்கு 300 மெகாபைட் மெமரி காலி. ரூட்டிங் டேபிளில் மூன்றே வரி இருக்கும் சாதாரண கம்ப்யூட்டருக்கும் இதே கதிதான்.

பழைய சீட்டுகளைக் கிழித்துப் போடும் ‘கார்பேஜ் கலெக்‌ஷன்’ வேலையும் கெர்னலுக்கு உண்டு. ஆனால் வெள்ளமாக பாக்கெட் வரும்போது, சீட்டு எழுதுவதும் கிழிப்பதுமே முழுநேர வேலையாகிவிடும். அளவு எல்லை மீறினால் ‘டிஎஸ்டி கேச் ஓவர்ஃப்ளோ’ என்ற எச்சரிக்கை கெர்னல் பதிவில் வந்து விழும். அதன்பின் நியாயமான பாக்கெட்டுகளுக்கும் இடம் கிடைக்காது.

2003-ல் வெளிவந்த ஓட்டை

இதைவிட மோசமான ஒரு வழி 2003-ல் அம்பலமானது. சிவிஇ-2003-0244 என்ற எண்ணில் அது பதிவானது. அப்போதைய லினக்ஸ் 2.4 பயன்படுத்திய ஹாஷ் கணக்கு, வெளியில் இருப்பவரால் முன்கூட்டியே கணிக்கக்கூடியதாக இருந்தது. எந்தெந்த முகவரிகளைப் போட்டால் ஒரே பெட்டியில் விழும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த முகவரிகளை மட்டும் அனுப்பலாம்.

விளைவு? ஆயிரக்கணக்கான பெட்டிகள் காலியாகக் கிடக்க, ஒரே பெட்டியில் சீட்டுகள் மலைபோல் குவியும். அதில் ஒன்றைத் தேட கெர்னல் ஒவ்வொரு சீட்டாகப் புரட்ட வேண்டும். மெமரியை நிரப்பும் அளவுக்கு வெள்ளமாக அனுப்பத் தேவையில்லை. தேர்ந்தெடுத்த பாக்கெட்டுகளே சிபியு-வை முடக்கிவிடும்.

இதற்கு உடனே மருந்து கண்டுபிடித்தார்கள். ஹாஷ் கணக்கில் ஒரு ரகசிய எண்ணைக் கலந்து, அந்த எண்ணைக் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றினார்கள். இதனால் எந்தப் பெட்டியில் விழும் என்று வெளியாள் ஊகிப்பது கடினமானது. ஆனால் அடிப்படைப் பிரச்னை அப்படியே இருந்தது. பெட்டியைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டாலும், எல்லாப் பெட்டிகளையும் நிரப்புவது இன்னமும் வெளியாள் கையில்தான் இருந்தது.

தாக்குதலே வேண்டாம். லட்சக்கணக்கானோர் வந்துபோகும் இணையதளத்தின் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் வேறு முகவரி. வருவார்கள், சில பாக்கெட், போய்விடுவார்கள். எழுதிவைத்த சீட்டை மறுபடி பார்க்கும் வாய்ப்பே குறைவு. எழுதிய கூலிதான் மிச்சம்.

ரூட்டர் தயாரிப்பாளர்கள் முன்பே கற்ற பாடம்

பெரிய ரூட்டர்களைச் செய்யும் நிறுவனங்கள் இதை முன்பே சந்தித்திருந்தன. முதல் பாக்கெட்டைத் தேடி, விடையை கேச்சில் வைத்து, மற்றவற்றை அதன்படி அனுப்பும் முறை சிஸ்கோ ரூட்டர்களிலும் இருந்தது. இணையம் பெருத்து, ஒரே நேரத்தில் பேசிக்கொள்பவர்களின் எண்ணிக்கை கூடியபோது அது திணறியது. 1990-களின் பிற்பகுதியிலேயே சிஸ்கோ ‘எக்ஸ்பிரஸ் ஃபார்வர்டிங்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. அதில், பாக்கெட் வரும்வரை காத்திருக்காமல், ரூட்டிங் டேபிள் முழுவதையும் வேகமாகத் தேடும் வடிவில் முன்கூட்டியே தயார் செய்து வைத்துவிடுவார்கள்.

அதாவது, துண்டுச் சீட்டுகளை விட்டுவிட்டு புத்தகத்தையே சீக்கிரம் புரட்டும்படி மாற்றி எழுதுவது. லினக்ஸும் கடைசியில் இந்த முடிவுக்குத்தான் வந்தது.

புத்தகத்தை மாற்றி எழுதியது யார்?

1999-ல் ஸ்டெஃபான் நில்சன், குன்னர் கார்ல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ‘எல்சி-ட்ரை’ என்ற மர அமைப்பை ஐபி முகவரித் தேடலுக்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். முகவரியின் 32 பிட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து இடமா வலமா என்று இறங்காமல், ஒரே தாவலில் பல பிட்டுகளைத் தாண்டும் மரம் இது. கிளை பிரியாத இடங்களை அப்படியே தாவிவிடும். அதனால் பல லட்சம் வரிகள் இருந்தாலும் சில படிகளிலேயே விடை கிடைத்துவிடும்.

ராபர்ட் ஓல்சன், யென்ஸ் லோஸ் ஆகியோர் இதை லினக்ஸுக்கு எழுதினார்கள். 2005-ல் 2.6.13 பதிப்பில் இது சேர்ந்தது. 2011-ல் வந்த 2.6.39-ல் பழைய ஹாஷ் முறைத் தேடலை நீக்கிவிட்டு, எல்சி-ட்ரை மட்டுமே என்றானது.

இதன் பெரிய நன்மை, மரத்தின் அளவை முடிவு செய்வது நிர்வாகி சேர்க்கும் வழிகள்தான். வெளியில் இருந்து யார் எத்தனை கோடி பாக்கெட் அனுப்பினாலும் மரத்தில் ஒரு இலைகூடக் கூடாது.

2012: கத்தரிக்கோலை எடுத்த டேவிட் மில்லர்

லினக்ஸ் நெட்வொர்க் பகுதியின் பொறுப்பாளரான டேவிட் எஸ். மில்லர், 2012 ஜூலையில் ரூட் கேச்சை நீக்கும் மாற்றங்களைச் சேர்த்தார். ஒழுங்கான டிராஃபிக் வரும்போது கேச் நன்றாகவே வேலை செய்கிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதன் வேகம் எப்போது எப்படி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எளிதாகத் தாக்கவும் முடிகிறது என்பது அவரது வாதம். அது வடிவமைக்கப்பட்ட காலத்தில் இணைய உலகம் இவ்வளவு பகையாக இல்லை என்றும் அவர் குறிப்பிட்டார்.

சரி, சும்மா வெட்டி எறிந்துவிட முடியுமா? முடியாது. ஏனென்றால் அந்தச் சீட்டில் வேறு பல தகவல்களும் ஏறியிருந்தன. அவற்றுக்கெல்லாம் தனித்தனி வீடு பார்க்க வேண்டியிருந்தது.

* ஒரு முகவரியோடு முன்பு பேசியபோது டிசிபி இணைப்பு எவ்வளவு வேகத்தில் போனது என்பது போன்ற அளவீடுகளுக்குத் தனி அட்டவணை உருவானது.
* வழியில் எவ்வளவு பெரிய பாக்கெட் போகும் என்ற வரம்பு, ‘இந்த வழியே வா’ என்று ரூட்டர் திருப்பிவிடும் தகவல் ஆகியவற்றுக்கு ‘விதிவிலக்கு’ பட்டியல் வந்தது. வழக்கத்துக்கு மாறான முகவரிகள் மட்டுமே இதில் ஏறும்.
* அனுப்பத் தயாரான வழித் தகவல், ஒவ்வொரு முகவரிக்கும் என்றில்லாமல் ஒவ்வொரு அடுத்த நிறுத்தத்துக்கும் ஒன்று என்று பகிர்ந்துகொள்ளப்பட்டது. நிறுத்தங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்பதால் இது பெருகாது.
* ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் டிசிபி இணைப்புக்கு பாக்கெட் வந்தால், முதலில் இணைப்பைக் கண்டுபிடித்து, அதனிடமே இருக்கும் வழியைப் பயன்படுத்தும் ‘எர்லி டிமக்ஸ்’ என்ற குறுக்குவழியும் இதே 3.6-ல் வந்தது.

கடைசியாகச் சொன்ன இரண்டும் கேச்தான் என்பதைக் கவனியுங்கள். ஞாபகம் வைத்துக்கொள்வதையே லினக்ஸ் கைவிடவில்லை. வெளியாள் இஷ்டத்துக்கு ஊதிப் பெருக்கும் இடத்தில் வைப்பதைத்தான் கைவிட்டது.

எதுவும் கெட்டுப்போகவில்லையா?

கெட்டது. இரண்டு இணைப்புகளைச் சமமாகப் பகிர்ந்து பயன்படுத்தும் இடங்களில் ஒரு பக்கவிளைவு எட்டிப்பார்த்தது. ரூட் கேச் இருந்தவரை, ஒரு ஜோடிக்கு ஒருமுறை ஒரு வழி தேர்வானால், சீட்டு இருக்கும்வரை அதே வழிதான். சீட்டு போனதும், ஒரு ரூட்டர் கடத்திவிடும் டிராஃபிக்கில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியாக வழி தேர்வானது. ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். பின்னால் கிளம்பியது முன்னால் வந்து சேரும். வரிசை மாறி வந்தால், பாக்கெட் தொலைந்துவிட்டதோ என்று டிசிபி நினைத்து வேகத்தைக் குறைத்துவிடக்கூடும்.

2016 ஜனவரியில் வந்த 4.4 பதிப்பில்தான் இது சரியானது. அனுப்புநர், பெறுநர் முகவரிகளை ஹாஷ் கணக்கில் போட்டு, வரும் எண்ணை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை சேர்க்கப்பட்டது. ஒரே ஜோடிக்கு எப்போதும் ஒரே விடை. எதையும் எழுதிவைக்க வேண்டியதில்லை. 2017-ல் வந்த 4.12-ல் போர்ட் எண்களையும் கணக்கில் சேர்க்கும் வசதி வந்தது.

ஐபிவி6-ல் என்ன நிலை?

ஐபிவி6-க்கு இப்படித் தனி ஹாஷ் கேச் இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பெறுநருக்கும் வழியின் நகல் ஒன்றை ரூட்டிங் மரத்திலேயே தொங்கவிடும் பழக்கம் இருந்தது. நோய் அதேதான். 2015-ல் வந்த 4.2 பதிப்பு முதல், பாக்கெட் அளவு வரம்பு போன்ற விதிவிலக்கு வந்தால் மட்டுமே நகல் என்று மாற்றினார்கள். 2018-ல் வந்த 4.15-ல் அந்த விதிவிலக்குகளும் மரத்திலிருந்து தனி ஹாஷ் டேபிளுக்குப் போயின.

2021: மிச்சம் வைத்த சின்னப் பட்டியலிலும் ஓட்டை

கதை இதோடு முடிந்ததா என்றால், இல்லை. மேலே சொன்ன ‘விதிவிலக்கு’ பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு எல்லை உண்டு. ஐபிவி4-ல் ஒரு நிறுத்தத்துக்கு அதிகபட்சம் 2,048 பெட்டிகள். ஒரு பெட்டியில் சுமார் 5 சீட்டு. நிரம்பினால் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது உட்காரும். மெமரியை நிரப்பித் தாக்க முடியாது. ஆனா வேற வழி இருந்தது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2021-ல் அதை வெளியிட்டார்கள். டிஎன்எஸ் சர்வர் ஒன்று தன் கேள்வியை எந்த போர்ட் எண்ணிலிருந்து அனுப்பியது என்பது வெளியாளுக்குத் தெரியக் கூடாத விஷயம். தெரிந்தால், பொய்ப் பதில் அனுப்பி மக்களைப் போலி இணையதளத்துக்குத் திருப்பும் வேலை எளிதாகிவிடும்.

தாக்குபவர் ஒரு போர்ட்டை ஊகித்து, ‘பாக்கெட் பெரிதாக இருக்கிறது’ என்று போலித் தகவல் அனுப்புவார. ஊகம் சரியாக இருந்தால் மட்டுமே கெர்னல் விதிவிலக்குச் சீட்டு எழுதும். அப்படி எழுதும்போது, நிரம்பியிருக்கும் பெட்டியிலிருந்து ஒரு பழைய சீட்டு வெளியேறும். அந்தப் பெட்டியில் தானே முன்பு வைத்த சீட்டு இன்னும் இருக்கிறதா என்று தாக்குபவர் சோதித்துப் பார்த்தால் போதும். ரகசியம் வெளியே வந்துவிடும். சிவிஇ-2021-20322 என்று பதிவான இந்த ஓட்டையை, கணிக்கக் கடினமான ஹாஷ் கணக்கைப் போட்டும், பெட்டியின் ஆழத்தை நிலையில்லாமல் மாற்றியும் அடைத்தார்கள். 2003-ல் கொடுத்த மருந்தின் வீரியம் கூடிய வடிவம் என்றே சொல்லலாம்.

சர்வர் நடத்துபவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

* பழைய வழிகாட்டிகள் பலவற்றில் ஐபிவி4 ரூட் கேச்சின் அதிகபட்ச அளவைக் கூட்டச் சொல்லியிருப்பார்கள். 3.6-க்குப் பிறகு அந்த எண்ணை மாற்றுவதால் பயன் இல்லை.
* ‘நெய்பர் டேபிள் ஓவர்ஃப்ளோ’ என்ற எச்சரிக்கை வந்தால் அது வேறு பட்டியல். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளின் வன்பொருள் முகவரிகள் அதில் இருக்கும். அதன் இயல்பான உச்ச வரம்பு 1,024. ஏராளமான கன்டெய்னர்கள் ஓடும் இடங்களில் இதைக் கூட்ட வேண்டிவரலாம்.
* ஃபயர்வால், நாட் வசதிகள் பயன்படுத்தும் இணைப்புக் கண்காணிப்புப் பட்டியல் இன்றும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி எழுதுகிறது. 2003-ல் வெளியான அதே அறிவிப்பில் இதன் பெயரும் இருந்தது. அது நிரம்பினால் பாக்கெட்டுகள் கைவிடப்படும். எல்லையையும், தற்போதைய எண்ணிக்கையையும் கண்காணிப்பது அவசியம்.
* இரண்டு இணைப்புகளைப் பகிர்ந்து பயன்படுத்தும் ரூட்டரில் 3.6 முதல் 4.3 வரையிலான பழைய கெர்னல் ஓடினால், வேகக் குறைவுக்கு வழி மாறி மாறிப் போவது காரணமா என்று பாருங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

கேச் என்றாலே வேகம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ரூட் கேச்சும் சராசரி நாளில் வேகமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சர்வர் விழுவது சராசரி நாளில் இல்லை. கூட்டம் குவியும் நாளிலோ, யாராவது தாக்கும் நாளிலோதான். அன்றைக்குத்தான் இந்த கேச் உதவாமல் பாரமானது.

எனவே எந்த கேச்சாக இருந்தாலும், எவ்வளவு வேகம் தரும் என்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இதை நிரப்பும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? நம் கையில் இருந்தால் அது வசதி. முகம் தெரியாதவர் கையில் இருந்தால், அதற்கு எல்லையும் காவலும் போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.